கருவுற்ற சிறுமிக்கு விலங்கு பூட்டலாமா?

சிறார் தடுப்பு மையத்தில் இருக்கும் 16 வயதுப் பெண் கருவுற்றிருந்தால், சட்டம் அவளுக்கு என்ன பாதுகாப்புத் தருகிறது? இவ்வார விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட கேள்வி இது. "குற்றம் செய்தவளுக்குச் சலுகையா?" என்று சிலர் கேட்கலாம். செய்த குற்றத்திற்கு அவள் பதில் சொல்லட்டும். வயிற்றில் வளரும் சிசு என்ன பாவம் செய்தது?

2010 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 'பேங்காக் விதிகளை' ஏற்றுக்கொண்டது. மொத்தம் 70 விதிகள். கருவுற்ற சிறுமிக்கு, வயது வந்த பெண் கைதிக்கு ஈடான மருத்துவ வசதி வேண்டும் என்கிறது 39ஆவது விதி. இளம் வயதுக் கர்ப்பத்தில் சிக்கல்கள் அதிகம் என்பதால், மருத்துவ நிபுணர் அவளைக் கவனித்து வர வேண்டும். பிரசவ வலியின்போதும், குழந்தை பிறக்கும்போதும், பிறந்த உடனேயும் விலங்கு பூட்டவே கூடாது என்கிறது 24ஆவது விதி. தண்டனையாகத் தனிமையில் அடைப்பதை 22ஆவது விதி தடுக்கிறது.

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், 2018 டிசம்பரில் திருத்தப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் மத்திய அரசின் நிதியைப் பெறும் மாநிலங்கள், பிரசவ வேளையில் சிறுமிகளுக்கு விலங்கிடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். தனக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து விளைவிப்பாள் என்று நம்பத் தக்க காரணம் இருந்தால் மட்டுமே விலக்கு. வயிற்றைச் சுற்றிச் சங்கிலி, காலில் விலங்கு, கைகளைப் பின்னால் கட்டுவது ஆகியவற்றுக்குக் கர்ப்ப காலத்திலேயே கட்டுப்பாடு உண்டு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கருவுற்றிருப்பது தெரியவந்த' சிறுமிக்கே இந்த அமெரிக்கச் சட்டம் உதவும். பயத்தாலோ வெட்கத்தாலோ அவள் மறைத்துவிட்டால், சட்டம் ஏட்டிலேயே நின்றுவிடும். கட்டாயப்படுத்திச் சோதிக்கலாமா என்றால், அதுவும் கூடாது. தன் கருப்பை சார்ந்த விவரங்களைச் சொல்லாதிருக்கவும், சோதனையை மறுக்கவும் அவளுக்கு உரிமை உண்டு என்கிறது பேங்காக் விதிகளில் 8ஆவது. ஆக, அவள் நம்பிப் பேசக்கூடிய ஒருவர் அருகில் இருப்பதே முதல் பாதுகாப்பு.

மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தில் 85ஆவது பிரிவு இங்கு நினைவுக்கு வருகிறது. காவல் நிலையத்தில் இருக்கும்போதும், நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லும்போதும், அங்கே காத்திருக்கும்போதும் சிறுமி ஒரு பெண்ணின் பராமரிப்பில் இருக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது அது. அந்தப் பெண் வெறும் காவலாக நிற்காமல், "உடம்புக்கு என்னம்மா?" என்று தனியே பரிவோடு கேட்டால், அந்தச் சிறுமி வாய் திறக்கக்கூடும். பெற்றோரும் மானத்துக்கு அஞ்சி மூடி மறைக்காமல், மகளின் நிலையை வழக்கறிஞரிடமும் மருத்துவரிடமும் பேச அவளுக்குத் துணை நிற்க வேண்டும்.