சாமை அரிசியில் காறல் வாடை: காரணமும் தடுக்கும் முறைகளும்

தருமபுரி மாவட்டம் வத்தல்மலையில் காபி, மிளகு ஆகியவற்றுடன் சாமை, கேழ்வரகு போன்ற சிறுதானியங்களும் சாகுபடி செய்யப்படுகின்றன. உமியோடு சேமித்த சாமை நீண்ட காலம் கெடாமல் இருக்கும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் உரலில் குத்திச் சமைத்த காலத்தில் காறல் வாடை ஒரு பிரச்சனையாகவே இருந்ததில்லை. இப்போது இயந்திரத்தில் மொத்தமாக உமி நீக்கி, பாக்கெட் போட்டு விற்கும்போது, அரிசி நாளடைவில் சிக்கு வாடை அடித்துக் கசக்கிறது. மாவாக அரைத்தால் இன்னும் சீக்கிரம் கெடுகிறது. மதிப்புக்கூட்டி விற்க நினைக்கும் விவசாயிக்கு, திரும்பி வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் நஷ்டமே.

காரணம் என்ன?

100 கிராம் சாமை அரிசியில் சுமார் 4 கிராம் கொழுப்பு உள்ளது. தீட்டிய நெல் அரிசியில் அரை கிராம் அளவே உள்ளது. சாமையின் கொழுப்பில் பெரும்பகுதி தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கிறது. அதைச் சிதைக்கும் நொதிகளும் (என்சைம்) தானியத்திலேயே உள்ளன. உமி நீக்கும்போது தவிட்டு அடுக்கு நசுங்குவதால் கொழுப்பும் நொதியும் கலந்துவிடுகின்றன.

இந்த நொதிகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வினைபடுபொருட்கள் வேண்டும்.

லிப்பேஸ்: இதற்குத் தேவை கொழுப்பும் நீரும். முதலில் கொழுப்பு வந்து, தன் கொழுப்பு அமிலத்தை நொதியில் ஒட்டவைத்துவிட்டு, மீதிப் பகுதி விலகும். அதன் பிறகு நீர் வந்து அந்த அமிலத்தை விடுவிக்கும்.

லிப்பாக்சிஜனேஸ்: இதற்குத் தேவை கொழுப்பு அமிலமும் ஆக்சிஜனும். நொதியில் உள்ள இரும்பு, கொழுப்பு அமிலத்திலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கும். அதன் பிறகு அந்த அமிலத்தில் ஆக்சிஜன் சேரும். இப்படி உருவாகும் பெராக்சைடுகள் உடைந்துதான் காறல் வாடை வருகிறது.

முதல் நொதி விடுவிக்கும் அமிலமே இரண்டாவது நொதிக்குத் தீனி. ஒற்றை மாட்டைக் கட்டி ஏர் உழ முடியாதது போல, இரண்டு பொருட்களில் ஒன்று குறைந்தாலே நொதியின் வேகம் குறைந்துவிடும். கொழுப்பை நாம் நீக்க முடியாது. ஆனால் ஈரத்தையும் காற்றையும் குறைக்கலாம். நொதியையும் செயலிழக்கச் செய்யலாம்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. விற்பனைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் உமி நீக்க வேண்டும். மீதியை உமியோடு சேமிக்கவும்.

2. தானியத்தை 12 சதவீத ஈரப்பதத்துக்குக் கீழே காயவைக்க வேண்டும். மலையில் பனிமூட்டமும் ஈரக்காற்றும் இருக்கும் நாட்களில், காய்ந்த தானியம் மீண்டும் ஈரம் இழுக்கும். எனவே மாலைக்குள் அள்ளி மூடி வைக்கவும்.

3. உமி நீக்குவதற்கு முன் ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, நன்கு உலர்த்திப் புழுங்கலாக்கலாம். வெப்பத்தில் நொதிகள் செயலிழந்துவிடும்.

4. மாவுக்கு, அரிசியை இளஞ்சூட்டில் வறுத்து, ஆறவைத்து அரைக்கவும்.

5. காற்றுப் புகாத பைகளில் நிரப்பி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்கவும். நொதி இல்லாமலும் ஆக்சிஜன் கொழுப்பை மெதுவாகக் கெடுக்கும் என்பதால், புழுங்கல் அரிசிக்கும் இது அவசியம்.

தவிட்டை முழுவதும் தீட்டிவிட்டால் வாடை குறையும்தான். ஆனால் நார்ச்சத்தும் தாது உப்புக்களும் அதோடு போய்விடும். சாமையை மக்கள் தேடி வாங்குவதே அவற்றுக்காகத்தான். எனவே தவிட்டைக் காத்து, ஈரத்தையும் காற்றையும் தடுப்பதே லாபகரமானது.

மேலும் விவரங்களுக்குப் பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.