பாண்டி பஜாரும் காந்தி ரோடும்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து மாகறலிலும் சுற்று ஊர்களிலும் கல்யாணம் நிச்சயமானால் அடுத்த பேச்சு ஜவுளிதான். காஞ்சிபுரம் காந்தி ரோட்டிலேயே எடுத்துவிடலாமா, சென்னை தி.நகருக்குப் போகலாமா என்று வீட்டில் பஞ்சாயத்து நடக்கும். இந்த இரண்டு கடைத்தெருக்களுக்கும் உறவு பழையது. காஞ்சிபுரத்து நெசவாளரான நல்லி சின்னசாமி செட்டியார் 1928இல் தி.நகரில் கடை வைத்தபோது அந்தப் பேட்டையே புதிது. மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து, நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் மனை பிரித்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் தெருக்களை விரித்திருந்தார்கள்.

தி.நகரில் பாண்டி பஜார் என்று நாம் சொல்லும் கடைத்தெருவின் முழுப்பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. நீதிக்கட்சித் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் நினைவாக வந்த பெயர் அது. அன்று தியாகராய சாலையின் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் கடை. மாடியிலும் பக்கத்துத் தெருக்களிலும் குடித்தனம். ராஜகுமாரி தியேட்டர் விட்டு வருகிற கூட்டம் கடை வாசலைத் தாண்டித்தான் வீடு போகும். வாங்குகிறவரும் விற்கிறவரும் பெரும்பாலும் ஒரே பேட்டைக்காரர்கள்.

பிறகு தமிழ்நாடு முழுவதும் தி.நகரை நோக்கி வந்தது. தோட்டம் வைத்த வீடுகள் விலைபோயின. அங்கெல்லாம் அடுக்கடுக்காகக் கடைகள் எழுந்தன. அடித்தளம் முதல் மொட்டைமாடி வரை சரக்கு. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்று தீப்பிடித்து எரிந்து இடிந்தபோது, ஒரு குடியிருப்புப் பகுதியின் நடுவில் எதை அடுக்கி வைத்திருக்கிறோம் என்பது ஊருக்கே தெரிந்தது. பாண்டி பஜாரிலோ நடைபாதை கடைகளுக்கு, சாலையோரம் கார்களுக்கு. நடப்பவர் நடுரோட்டில்.

சீரமைப்பு இரண்டு கட்டமாக வந்தது. 2013இல் நடைபாதை வியாபாரிகளை அதே சாலையில் மாநகராட்சி கட்டிய அடுக்கு வளாகத்துக்கு மாற்றினார்கள். தெருவில் போகிறவர் கண்ணில் பட்டு விற்ற வியாபாரம், படியேறி வந்தால்தான் என்று ஆனபோது அவர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! அதைக் கணக்கில் எடுக்காத எந்தச் சீரமைப்பையும் என்னால் முழுமனதோடு பாராட்ட முடியவில்லை. அடுத்தது ஸ்மார்ட் சிட்டி திட்டம். 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தது. செலவு ஏறக்குறைய 40 கோடி ரூபாய். வண்டிகளுக்கான பாதையைக் குறுக்கி நடைபாதையை அகலப்படுத்தினார்கள், பெஞ்சு போட்டார்கள், மரங்களை விட்டுவைத்தார்கள், காருக்கு அடுக்கு நிறுத்தம் கட்டினார்கள். 2023இல் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை, 570 மீட்டருக்கு ஆகாய நடைபாலமும் வந்தது. இன்று சாயங்காலத்தில் தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளோடு ஒன்றும் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கடைத்தெருவுக்கு இதைவிட மரியாதை வேறில்லை. ஆனால் மாடியில் குடித்தனம் திரும்பவில்லை. கடை சாத்தியதும் தெருவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

இப்போது காந்தி ரோட்டுக்கு வருவோம். காஞ்சிபுரம் 2015இல் மத்திய அரசின் 'ஹிருதய்' பாரம்பரிய நகரத் திட்டத்தில் சேர்ந்தது, 2021இல் மாநகராட்சியானது. பட்டுக்கடைகளின் கண்ணாடி முகப்புகள் உயர்ந்துகொண்டே போகின்றன. முகூர்த்த நாட்களில் வேன்கள் தெருவை அடைத்து நிற்கின்றன. இந்தத் தெருவும் சீக்கிரமே சீரமைக்கப்படும், படவும் வேண்டும். ஆனால் கடையும் வீடும் தொழிலும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது காஞ்சிக்கு யாரும் வெளியிலிருந்து வந்து கற்றுத்தர வேண்டிய பாடம் அல்ல. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டில் திண்ணையில் பேச்சு, உள்ளே தறி, பின்கட்டில் அடுப்பு. விடியற்காலையில் பாவு போடத் தெருவே வேலைத்தளம். கோர்வைச் சேலைக்கு ஒருவர் நாடா எறிய, மறுபக்கக் கரைக்கு இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். அது பெரும்பாலும் வீட்டு ஆள்தான். வீட்டையும் தறியையும் பிரித்தால் அந்தக் கை போய்விடும்.

கீழ்க்கதிர்ப்பூரில் பட்டுப்பூங்கா வந்திருப்பது நல்லதே. ஆனால் நெசவையெல்லாம் ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டு, ஊருக்குள் கடையை மட்டும் வைத்துக்கொள்வது பாண்டி பஜார் செய்த தவற்றையே செய்வதாகும். குழித்தறி தரையில் இறங்கி நிற்பது, மாடி ஏறாது. ஆகவே காந்தி ரோட்டை ஒட்டிப் புதிதாக எழும் கட்டடங்களில் தெருவைப் பார்த்துக் கடையும், அதன் பின்னால் அதே தரைத்தளத்தில் தறிக்கூடமும், மாடியில் நெசவாளர் குடும்பங்களுக்குக் கட்டுப்படியான வாடகையில் வீடும் இருக்கட்டும். வேன்களை ஊர் எல்லையில் நிறுத்தட்டும். பூக்காரம்மாவையும் பழவண்டிக்காரரையும் அகற்றுவதற்கு முன்பு, 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் சொல்கிறபடி அவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அகல நடைபாதையிலேயே அவரவர் இடத்தை வரைபடத்தில் குறித்துவிடட்டும்.