மூக்கடைப்புக்கு பெப்பர்மின்ட் ஆயில்... சொட்டுக் கணக்கு தெரிஞ்சுக்கோங்க!

கர்ச்சீப்பில் ஒரு சொட்டு விட்டு மோந்து பார்த்தாலே, மூக்கிலிருந்து தொண்டை வரை 'ஜில்'லுனு இறங்கும். அதனாலேயே ஹாஸ்டல் ரூம், ஆபீஸ் டேபிள், பெட்ரூம் என எல்லா இடத்துக்கும் டிஃப்யூசரோடு பெப்பர்மின்ட் ஆயிலும் வந்துவிட்டது. வாங்கியாச்சு, சரி. எவ்வளவு விடணும், யார் பக்கத்தில் இருந்தால் பாட்டிலைத் திறக்கவே கூடாது... தெரியுமா?

அந்த 'ஜில்' எப்படி வருது?

பெப்பர்மின்ட், நம்ம சட்னி புதினாவுக்குச் சொந்தக்காரச் செடி. அதை ஆவியில் வடித்து எடுக்கும் எண்ணெயில் மென்தால் அதிகம். நம் நரம்புகளில் குளிர்ச்சியை உணரும் 'டி.ஆர்.பி.எம்.8' என்ற ரிசெப்டார் இருக்கு. மென்தால் அதைத் தூண்டிவிட்டதும், நிஜத்தில் குளிராமலே மூளை 'குளிருது' என நம்பிவிடும்.

சளி பிடித்திருக்கும்போது மூக்கு திறந்த மாதிரி தோன்றுவதும் இதனால்தான். உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியேதான் இருக்கும். ஆக, இது கொஞ்ச நேர ஆறுதல். சளியைக் குணப்படுத்தாது.

எவ்வளவு போதும்?

* டிஃப்யூசர்: 100 மில்லி தண்ணீருக்கு 3 சொட்டு. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து, அரை மணி நேரத்தில் அணைச்சிடுங்க. ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டாம்.
* ஆவி: பெரியவர்களுக்கு மட்டும். ஒரு பாத்திரம் வெந்நீருக்கு 1 சொட்டு. கண்ணை இறுக்க மூடிக்கோங்க, இல்லன்னா எரியும்.
* தடவ: நேரடியா தடவினால் தோல் எரியும். 1 டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் 2 சொட்டு கலந்து, முதலில் கையில் கொஞ்சம் தடவிப் பாருங்க. ஒரு நாள் கழித்தும் அரிப்பு, சிவப்பு இல்லை என்றால் நெற்றி, கழுத்தில் தடவலாம். கண் பக்கம் வேண்டாம்.
* குடிக்க: கூடவே கூடாது.

தோலில் எரிச்சல் வந்தால், தேங்காய் எண்ணெயால் துடைத்துவிட்டு சோப்பு போட்டுக் கழுவுங்க.

இவங்க இருந்தால் உஷார்!

'குழந்தைக்கு மூக்கடைச்சிருக்கு, ஒரு சொட்டுதானே' என்று தடவுவதுதான் பெரிய ஆபத்து. கைக்குழந்தையின் மூக்கிலோ, நெஞ்சிலோ மென்தால் பட்டால், குரல்வளை இறுகி மூச்சு திணறலாம். மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்குத் தடவ வேண்டாம், அவர்கள் தூங்கும் அறையில் டிஃப்யூசரும் வேண்டாம். அதற்கு மேலே உள்ள சின்னப் பிள்ளைகளுக்கும் டாக்டரைக் கேட்டுக்கோங்க. பச்சிளம் குழந்தைக்கு மூக்கடைப்பு என்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் சொட்டு மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்க.

ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இந்த நெடியே இழுப்பைக் கிளப்பிவிடலாம். கர்ப்பிணிகளும், 'ஜி6பிடி' குறைபாடு உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். வீட்டில் பூனை இருக்கா? இந்த எண்ணெயை அதன் கல்லீரலால் சரியாக வெளியேற்ற முடியாது. டிஃப்யூசர் ஓடும் அறையில் அதை அடைத்து வைக்காதீங்க.

வாங்கும்போது...

லேபிளில் 'மென்தா பைப்பரிட்டா' என்ற பெயர் இருக்கணும். 'ஃப்ராக்ரன்ஸ் ஆயில்' என்று போட்டிருந்தால் அது வெறும் வாசனைக் கலவை. அடர் நிறக் கண்ணாடி பாட்டிலாகப் பார்த்து வாங்கி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைங்க. மூக்கடைப்பு பத்து நாளைத் தாண்டினாலோ, காய்ச்சலும் மூச்சுத் திணறலும் சேர்ந்தாலோ, பாட்டிலை மூடி வெச்சுட்டு டாக்டரைப் பாருங்க!