பனிமலைக்கும் உண்டு ராகுகாலம்!

திருச்சியில் சித்திரை வெயில் கொளுத்துகிறது. உச்சிப் பிள்ளையார் கோயில் பாறையில் கால் வைத்தால் தோசைக்கல்தான்! ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருவர் எல்.டி.சி. போட்டு, மனைவி, பத்து வயசுப் பெண்ணோடு சிக்கிம் கிளம்புகிறார். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி ரெடி. ராகுகாலம் கழித்து வீட்டைவிட்டுக் கிளம்ப நேரமும் குறித்தாயிற்று.

''பனிக்கு ராகுகாலம் பார்த்தீங்களா ஸார்?'' என்றேன். முழித்தார்.

2023 ஏப்ரல் 4. சிக்கிமில் நாதுலா போகும் சாலை. டூரிஸ்ட்டுகளுக்கு பாஸ் 13-வது மைல் வரைக்கும்தான். அதைத் தாண்டி 15-வது மைலுக்குப் போய்விட்டார்கள். நண்பகல் நேரம். மலையிலிருந்து பனி சரிந்தது. ஏழு பேர் பலி.

மலைப்பனி குளிர்காலம் பூராவும் அடுக்கடுக்காக விழுந்து சேர்வது. நடுவில் ஓர் அடுக்கு சர்க்கரை மாதிரி பொலபொலவென்று இருந்துவிட்டால், மேலே உள்ளதற்குப் பிடிமானம் கிடையாது. 30-லிருந்து 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகள்தான் ரொம்ப மோசம். மார்ச், ஏப்ரலில் வெயில் ஏற ஏற, உருகிய தண்ணீர் உள்ளே இறங்கி ஒட்டை விடுவித்துவிடும். அதனால் மத்தியானத்துக்கு மேல் ராகுகாலம்!

ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் பனி இறுகும். காலையில் கொஞ்சம் நம்பலாம். மேகம் மூடி, இறுகாமல் போனால் அன்றைக்கு முழுநாளும் ராகுகாலம். புதுப்பனி கொட்டி ஓரிரு நாளுக்குக் காலை நேரத்தையும் நம்பக் கூடாது.

பனி முன்கூட்டியே சொல்லவும் செய்யும். சரிவில் தானாக உருளும் பனி உருண்டை, காலடியில் ஓடும் விரிசல், 'தொம்'மென்று அமுங்கும் சத்தம்... ஒன்று தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டியதுதான்.

டி.ஆர்.டி.ஓ.வின் சண்டிகர் ஆய்வு நிலையம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. உலக வழக்கில் ஆபத்துக்கு 1 முதல் 5 வரை மார்க். '3-தானே, பாதிதானே' என்று நினைக்காதீர்கள். இது தனி வட்டி இல்லை ஸார், கூட்டு வட்டி!

புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. ஜங்ஷனில் ஏறிய பஸ் சத்திரம் வந்து சேர்வதற்குள் அந்த நேரம் போய்விடும்!

''காவேரியில புதுவெள்ளம் வந்தா அம்மா மண்டபத்துல பெண்ணை ஒரு படி இறங்க விடுவீங்களா?''

''மாட்டேன்.''

''அவ்வளவுதான் ஸார்.''

நண்பர் டைரியை எடுத்து எழுதினார்: 'பாஸில் போட்ட இடத்தைத் தாண்டக் கூடாது. மத்தியானத்துக்குள் ரூமுக்குத் திரும்பணும்.'

உள்ளேயிருந்து மாமியின் குரல்: ''ஏன்னா, இது எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு?''