கதவைத் தட்டிய இரு இளைஞர்

சென்ற தவக்காலத்தில், நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தைக் காண உப்பிலியபுரத்துக்குச் சென்றிருந்தோம். ஒருபுறம் பச்சைமலையும் மறுபுறம் கொல்லிமலையும் அரணாக நிற்கும் அப்பகுதியில், மற்ற சிற்றூர்களில் போலவே, இன்று இளைஞர் நிறைந்த வீடுகள் குறைவு. படித்த பிள்ளைகள் திருச்சிக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டனர். பண்டிகைக்கு வருவர், மறுநாளே பேருந்து ஏறிவிடுவர்.

அவ்வீட்டுத் தாய் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய மகனுடன் இரண்டு இளைஞர்கள் நின்றார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, சட்டைப்பையின் மேல் ஒரு சிறு கறுப்புப் பெயரட்டை. மகன் காய்ச்சலில் கிடந்தபோது, உடன் தங்கியிருந்த நண்பன் வழியாக அறிமுகமான இவ்விருவரும் மூன்று நாள் தொடர்ந்து வந்து பாலும் ரொட்டியும் கொடுத்து, அருகில் அமர்ந்து செபித்துவிட்டுப் போனார்களாம். பின்னர் தங்கள் ஞாயிறு வழிபாட்டுக்கு அவனை அழைத்தார்களாம். “இவங்க நம்ம ஆளுங்களா ஐயா? நான் இவங்களுக்கு நன்றி சொல்லணுமா, இல்லே பயப்படணுமா?” என்று அத்தாய் கேட்டார்.

அக்கேள்விக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. வீடு திரும்பி எண்ணிப் பார்த்தபின், இக்கேள்வி அவ்வொரு தாயின் கேள்வி மட்டுமன்று, பிள்ளையை நகரத்துக்கு அனுப்பிவிட்டு இருக்கும் நம் பங்குக் குடும்பங்கள் அனைத்தின் கேள்வி என்று உணர்ந்தோம். ஆகவே இதனை எழுதத் துணிந்தோம்.

இவர்கள் யார்?

மக்கள் வழக்கில் இவர்களை ‘மார்மன்’ சபையார் என்பர். ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்பது அச்சபையின் முழுப்பெயர். 1830-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பார் இதனைத் தொடங்கினார். விவிலியத்தோடு ‘மார்மன் நூல்’ என்பதனையும் இவர்கள் மறைநூலாகக் கொள்கின்றனர். இவர்களது தலைமையகம் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரில் உள்ளது. தந்தை, மகன், தூய ஆவி என்னும் பெயர்களை இவர்களும் சொல்வர். ஆனால் மூவரும் ஒரே கடவுள் என்னும் நமது விசுவாசத்தை ஏற்பதில்லை, மூவரையும் தனித்தனி உருவினராகவே கொள்வர். சொல் ஒன்று, பொருள் வேறு. இதனாலேயே, இச்சபையார் அளிக்கும் திருமுழுக்கு செல்லாது என 2001-ஆம் ஆண்டு சூன் 5-ஆம் நாள் உரோமை விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தீர்ப்பளித்தது. தாய் கேட்ட முதற் கேள்விக்கு விடை இதுவே: அன்புள்ளவர்கள்தாம், ஆயின் நம் விசுவாசத்தினர் அல்லர்.

அவ்விளைஞரின் வாழ்வு

எனினும் அவ்விரு இளைஞரையும் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் வாழும் முறையை அறிந்தால் நம் வாசகர்க்கும் வராது.

அச்சபையின் ஆண்பிள்ளைகள் இரண்டாண்டுக் காலம் தூதுப்பணி செய்யச் செல்கின்றனர். முன்பு பத்தொன்பது வயதில் புறப்பட்டவர்கள், 2012-ஆம் ஆண்டு முதல் பதினெட்டு வயதிலேயே புறப்படலாம். இளம்பெண்களும் பதினெட்டு மாதங்கள் சென்று வருகின்றனர். எந்த நாடு, எந்த நகரம் என்று அவர்கள் தேர்ந்துகொள்வதில்லை. தலைமையகத்திலிருந்து அழைப்பு வந்த பிறகே ஊரின் பெயர் தெரியும். இதற்குச் சம்பளம் இல்லை. செலவில் பெரும்பகுதியைத் தாங்களோ குடும்பத்தாரோ பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேமித்துத் தருகின்றனர். மீசை முளைக்கும் பருவத்துப் பிள்ளையை ‘மூப்பர்’ என்று அழைக்கின்றனர்.

பெருநகரில் அவர்கள் இருவர் இருவராகவே தங்கி, இருவர் இருவராகவே நடக்கின்றனர். தனியே எங்கும் செல்லலாகாது. திரைப்படம் இல்லை, காதல் இல்லை. அதிகாலையில் எழுந்து செபமும் படிப்பும் முடித்து வெளியே கிளம்பினால், நாள் முழுவதும் அலைந்தும் கேட்பார் ஒருவரும் கிடைக்காத நாட்களே மிகுதி. 2019-ஆம் ஆண்டுக்கு முன், கிறிஸ்துமஸ், அன்னையர் நாள் ஆகிய இரு நாட்களில்தான் வழக்கமாக வீட்டாரோடு தொலைபேசியில் பேச இயலும். அவ்வாண்டு முதல் வாரந்தோறும் பேசலாமென இசைவு தந்தனர். அந்நிய நகரில், அந்நிய மொழியில், ‘வேண்டாம்’ என்னும் ஒரு சொல்லையே நூறு கதவுகளில் கேட்டு, இரவில் அறைக்குத் திரும்பும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். அவனுக்கும் எங்கோ ஒரு தாய் இருக்கிறாள். அவளும் நாட்களை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வாறு பணியாற்றியோர் உலகெங்கும் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

அன்று சென்னையில்

இவர்கள் தமிழகத்துக்கு நேற்று வந்தவர்கள் அல்லர். 1853-ஆம் ஆண்டிலேயே ரிச்சர்டு பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் முதலிய மார்மன் தூதர்கள் கல்கத்தா வழியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தனர். பையும் பணமுமின்றி, வழியில் கிடைக்கும் உதவியை நம்பியே உலகின் மறுபக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள் அவர்கள். சென்னையில் துண்டறிக்கைகள் அச்சிட்டனர். ஒரு சிறு இதழும் நடத்தினர். ஆயினும் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த ஐரோப்பியரிடையேதான் அவர்களது பேச்சு சென்றது. சேர்ந்தவர் மிகச் சிலரே. உடல்நலம் குன்றிய பாலன்டைன் ஓராண்டளவில், 1854-இல், கப்பலேறித் திரும்பிவிட்டார். அதன் பின் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் மண்ணில் அச்சபையின் சுவடு இல்லை எனலாம். கோயம்புத்தூர்ப் பகுதியைச் சேர்ந்த பால் திருத்துவதாஸ் என்பார், தம் கைக்குக் கிடைத்த ஒரு சிறு வெளியீட்டைப் படித்து, தாமாகவே கடிதம் எழுதித் தொடர்பு கொண்டு, 1965-இல் அச்சபையில் சேர்ந்தார். 1993-இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியத் தூதுப்பணி அமைக்கப்பட்டது. இன்று நம் நாட்டில் பிறந்த இளைஞர்களும் அப்பணியில் நடக்கின்றனர்.

நம் முன்னோர் வழி

சென்னைக்கு வந்த அத்தூதர் ஓராண்டில் திரும்பினார் என்றோம். குறை கூறுவதற்காக அன்று, நம் முன்னோரின் வழியை நினைவூட்டவே அதனைச் சொன்னோம்.

லிஸ்பன் நகரில் 1647-இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, இருபத்தாறாம் வயதில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். விதவையான அவர் தாயார் மகனைத் தடுக்கத் தம்மால் இயன்றதெல்லாம் செய்தார், இயலவில்லை. மதுரை மறைத்தளத்துக்கு வந்தவர் தமிழ் கற்றார், காவி உடுத்தார், புலால் விடுத்தார், ‘அருளானந்தர்’ என்று பெயர் பூண்டார். இடையில் ஐரோப்பா சென்றபோது அங்கேயே இருந்துவிடும்படி வற்புறுத்தியும் கேளாமல் மறவ நாட்டுக்கே திரும்பினார். 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை கொடுத்தார். திருச்சியில் மரியன்னை பேராலயத்தை எழுப்பிய கார்னியே அடிகளாரும் பிறந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. 1843-இல் திருச்சியிலேயே உயிர் நீத்தார்.

இவர்கள் இரண்டாண்டுக்கு வந்தவர்கள் அல்லர், இருந்துவிட வந்தவர்கள். மக்களின் மொழியிலும் உணவிலும் துயரிலும் பங்கு கொண்டமையால் அவர்கள் சொல் மக்களின் உள்ளத்தில் வேரூன்றியது. நாம் பெற்றுள்ள விசுவாசம் அவ்வாறு தேடி வந்தவர்கள் தந்த கொடை அன்றோ? நம் பாட்டன்மாரைத் தேடி ஒருவர் கடல் கடந்து வந்தார். நாமோ நம் பிள்ளையைத் தேடி ஒரு தெருவைக் கடக்கவில்லை.

யாருடைய குறை?

ஆம், உப்பிலியபுரத்து வீட்டில் நாம் கேட்டறிந்த செய்திகளுள் நம்மை மிகவும் சுட்டது இதுதான். அந்த மகன் தங்கியிருந்த அறையிலிருந்து இருபது நிமிட நடையில், ஞாயிறுதோறும் தமிழில் திருப்பலி நடக்கும் கத்தோலிக்கக் கோவில் ஒன்று இருந்தது. எட்டு மாதங்களாக அவனுக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஊரில் பீடச் சிறுவனாக இருந்தவன், நகரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் உறங்கிக் கிடந்தான். காய்ச்சல் கண்ட நாளில் அவனைத் தேடி வந்தவர்கள் நம்மவர் அல்லர்.

இது அவ்விரு இளைஞரின் குற்றமா? அன்று. நாம் விட்டுவைத்த வெற்றிடத்தில் அவர்கள் நடந்து வந்தனர். ஆண்டவர் எழுபத்திரண்டு சீடரை இருவர் இருவராக அனுப்பிய செய்தியை லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் நாமும்தான் படிக்கிறோம். 1921-இல் டப்ளின் நகரில் தோன்றிய மரியாயின் சேனை அதே முறையில் இருவர் இருவராக வீடு சந்திக்கும் பழக்கத்தை நமக்குத் தந்திருக்கிறது. திருச்சபை தன் இயல்பிலேயே அனுப்பப்பட்டது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் நமக்குக் கற்பித்தது. முறை நம்மிடம் உண்டு. நடக்கும் கால்கள்தாம் குறைவு.

நாம் செய்யத்தக்கவை

பெரிய திட்டம் ஏதும் வேண்டியதில்லை. பிள்ளை நகரத்துக்குப் புறப்படும்போது, பெட்டியில் ஊறுகாயும் துணியும் வைப்பது போல, அவன் தங்கப்போகும் இடத்துக்கு அருகிலுள்ள பங்கின் பெயரையும் திருப்பலி நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு பங்கிலும் வெளியூர் சென்ற இளைஞரின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கட்டும். பங்குத் தந்தை அங்குள்ள பங்குத் தந்தைக்கு ஒரு வரி எழுதட்டும். நகரத்தில் வாழும் நம் குடும்பங்கள், தெருவில் தனித்து வாழும் பிள்ளைகளை மாதம் ஒருமுறையேனும் இருவராகச் சென்று கண்டு, ஒரு வேளை உணவுக்கு அழைக்கட்டும்.

அக்கறுப்புப் பெயரட்டை அணிந்தவர்கள் நம் கதவைத் தட்டினால்? கதவை அறைந்து சாத்தவேண்டாம். ஒரு குவளைத் தண்ணீர் கொடுங்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். ‘நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் விசுவாசத்தில் நிலைத்திருக்கிறோம்’ என்று அன்போடும் தெளிவோடும் சொல்லுங்கள். அவ்வாறு சொல்ல நம் பிள்ளைகளுக்கு இயலுமா என்பது, சிறுவயதில் நாம் அவர்களுக்கு மறைக்கல்வியை எவ்வளவு ஊன்றிக் கற்பித்தோம் என்பதைப் பொறுத்தது.

பின்னர் அத்தாய்க்குத் தொலைபேசி வழியே நம் விடையைச் சொன்னோம்: “அந்தப் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லுங்கள் அம்மா. அவர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது நம் அசட்டையைக் கண்டே.” அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, இப்போது மகன் அத்தமிழ்த் திருப்பலிக்குச் செல்வதாகவும், சென்ற ஞாயிறு உடன் வேலை செய்யும் வேறொரு தமிழ்ப் பையனையும் அழைத்துச் சென்றதாகவும் கூறினார்.

இருவர் இருவராக. அவ்வாறே தொடங்கட்டும்.