மேலே விடப்பட்ட இரும்பு



தொழிற்சாலை விபத்து என்றவுடன் சுழலும் சில்லும் கொதிக்கும் கொப்பரையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஓடாத பொறியை எவரும் அஞ்சுவதில்லை. நான் இன்று பேச விழைவது அந்த ஓடாத பொருளைப் பற்றியே.

உயரத்தில் உள்ள விளக்கொன்று பழுதாகிறது. புதியது அருகே பொருத்தப்படுகிறது. பழையதைக் கழற்ற மீண்டும் ஏணியும் ஆளும் வேண்டுமென்பதால், அது அங்கேயே விடப்படுகிறது. சில வேளைகளில் விளக்கை எடுத்துவிட்டு, அதைத் தாங்கிய இரும்புச் சட்டத்தை விட்டுவிடுவார்கள். எரியும் விளக்கை மின்வினைஞர் கவனிப்பார். ஓடும் கப்பிக்கு எண்ணெய் இடுபவர் அதன் மரையாணியையும் பார்த்துக்கொள்வார். பயனற்றுப்போனதோ பரிசோதனைப் பட்டியலிலிருந்தே நீங்கிவிடுகிறது. நம் பாடசாலைகளிலும் இதைக் காணலாம்: மின்மணி வந்து பல்லாண்டுகள் சென்ற பின்னும், மணியாக அடிக்கப்பட்ட தண்டவாளத் துண்டு மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

துரு, தான் உண்ட இரும்பைவிடக் கூடுதலான இடத்தை அடைப்பது. ஆகவே அது இணைப்புகளுக்குள் புகுந்து அவற்றை நெம்பிப் பிளக்கிறது. மேலே பூசிய வர்ணம் அழகாக இருக்க, உள்ளே ஆணி நூலாய் மெலிந்திருக்கும். அலுமினியச் சட்டத்தை உருக்கு ஆணியால் பிணைத்த இடத்தில் உப்பு ஈரம் பட்டால், அலுமினியம் விரைவில் அரிக்கப்படும். பக்கத்துப் பொறியின் அதிர்வு சுரையைச் சிறிது சிறிதாகத் தளர்த்தும்.

பௌதிகம் என் பாடமன்று. ஆயினும் இந்தக் கணக்கு எளியது. 20 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள் இரண்டு செக்கனில் நிலத்தை அடையும். அப்போது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல். ஐரோப்பிய நியமப்படி, தொழிற்சாலைத் தலைக்கவசத்தின் மீது 5 கிலோகிராம் எடையை 1 மீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டுச் சோதிப்பர். 20 மீற்றரிலிருந்து விழும் 1 கிலோகிராம் இரும்பின் தாக்கம் அதைப்போல் நான்கு மடங்கு. கவசம் அணிந்திருக்கிறோம் என்ற துணிவு இங்கே போதாது.

உப்புக்காற்றும் அதிர்வும் ஓயாத வட கடல் எண்ணெய் மேடைகளில் இதற்கு ஒரு முறை வகுத்துள்ளனர். உயரத்தில் உள்ள ஒவ்வொரு பொருளையும், அதன் பிணைப்பையும் படமெடுத்துப் பட்டியலிட்டு, தவணைதோறும் பரிசோதிக்கின்றனர். ஆணி அறுந்தாலும் பொருள் விழாதபடி, வேறோர் உறுதியான இடத்தில் கட்டிய துணைக் கம்பிவடமும் இருக்கும். பயனற்றதைக் கட்டிவைப்பதைவிட இறக்கிவிடுவதே மேலென்பது என் எண்ணம்.

நம் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தி தொடங்கி, 1990 இல் போரினால் நின்றது. கடற்கரையில் இவ்வாறு ஓய்ந்துபோகும் ஆலைகளுக்குள் தொழிலாளர் மட்டுமா செல்கின்றனர்? பழைய இரும்பு தேடுவோரும் மாடு மேய்க்கும் சிறுவரும் செல்வர். அவர்களுக்கு மேலே என்ன தொங்குகிறதென்று சொல்ல ஆளில்லை.

இறக்கும் வேலையிலும் ஒழுங்கு வேண்டும். முதலில் கீழே வேலியிட்டு ஆட்களை விலக்க வேண்டும். கயிறோ சங்கிலியோ பாரத்தைத் தாங்கிய பின்னரே ஆணியை வெட்டலாம். வெட்டுபவரின் சுத்தியலும் சாவியும் அவர் இடுப்புவாரோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். புதிய விளக்குக்குப் பணம் ஒதுக்கும்போதே, பழையதை இறக்கும் கூலியையும் அதே மதிப்பீட்டில் சேர்த்துவிடலாம். பழைய பொருளைத் தரையிலே கண்ட பின்னரே மேற்பார்வையாளர் வேலை முடிந்ததெனக் கையொப்பமிடட்டும்.