ஸ்கேன் பில்லில் என்ன எழுதியிருக்கிறது?

காலில் இரத்த ஓட்டத்தைப் பார்க்க ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கிளினிக்கில் எழுதிக்கொடுத்தால் எமது பெண்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு முடியும், மிஸ்?" என்பதுதான். "இந்தச் சல்லியத் திருப்பி எடுக்க வழி இருக்கா?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டங்களில் சமூக சேவையாளராக வேலை செய்துவரும் எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது. ஏனெனில் சிலருக்காவது வழி உண்டு. அது அடைபடுவது பெரும்பாலும் பில்லில் உள்ள ஒரேயொரு வரியினால்.

ஊசி குத்தாமல், மருந்து ஏற்றாமல், தோலுக்கு மேலிருந்தே குருதிக் குழாய்களைப் பார்க்கும் பரிசோதனைகள் சில உண்டு. மிக எளியது கணுக்கால் அழுத்தப் பரிசோதனை. கையில் பிரஷர் பார்ப்பதைப் போலவே கணுக்காலிலும் பட்டியைச் சுற்றிப் பார்த்து, கணுக்காலின் அளவைக் கையின் அளவால் வகுப்பார்கள். விடை 0.9 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி ஒடுங்கியிருக்கிறது எனலாம். 1.4க்கு மேலே போனால் அதுவும் நல்ல செய்தியன்று. நீண்டகால நீரிழிவில் நாடிச் சுவர் இறுகிவிட்டால் அப்படி வரும்.

அடுத்தது டூப்ளெக்ஸ் ஸ்கேன். குழாயின் படத்தையும் அதனுள் இரத்தம் ஓடும் வேகத்தையும் ஒன்றாகக் காட்டும். வாய்ப்பேச்சில் நாம் 'டொப்ளர்' என்போம். இதில் நாடியைப் பார்ப்பது ஒரு பரிசோதனை, இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளத்தைப் பார்ப்பது வேறொரு பரிசோதனை. நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும் நின்றால் விடுவதும், விரல் நுனிப் புண் ஆறாமல் கிடப்பதும் நாடிப் பக்கத்துக் கோளாறாக இருக்கலாம். காலில் நரம்பு சுருண்டு புடைப்பதும், பிரசவத்துக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்குவதும் நாளப் பக்கம். விடியற்காலையிலிருந்து நின்றபடி பால் வெட்டும் பெண்களிடம் இரண்டையும் நான் காண்கிறேன். ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கால் திடீரெனக் குளிர்ந்து வெளுத்து மரத்துப் போனாலோ, ஒரு கால் திடீரென வீங்கி மூச்சு வாங்கினாலோ பில்லையும் காப்புறுதியையும் பற்றி யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே போக வேண்டும்.

அரச வைத்தியசாலையில் ஸ்கேன் எடுத்தால் பில் என்ற பேச்சே இல்லை. ஆகவே திகதி தள்ளிக் கிடைத்தாலும் முதலில் அங்கே பதிந்துவைப்பதுதான் புத்தி. ஆனால் புண் திகதிக்காகக் காத்திருப்பதில்லை.

யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு தாய் இருக்கிறார். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அவரது பெற்றோர் லயத்தை விட்டு வன்னிக்குப் போனபோது அவர் கைக்குழந்தை. 2009இல் வலது தொடையில் ஷெல் துண்டோடு, புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் புல்மோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார். கணவர் வரவில்லை. முகாம் வாழ்க்கைக்குப் பின் மகளோடு உறவினர் இருந்த பழைய லயத்துக்கே திரும்பினார். இப்போது நீரிழிவும் சேர்ந்து, பெருவிரலில் ஆறாத புண். இரு கால் நாடிகளையும் டூப்ளெக்ஸ் ஸ்கேனில் பார்க்க வேண்டும் என்று கிளினிக் வைத்தியர் எழுதினார். புண் கறுக்கத் தொடங்கியதால் தோட்டை அடகு வைத்துத் தனியார் இடமொன்றில் எடுத்துவிட்டார். தோட்டத்தில் நாளொன்றுக்கான அடிப்படைக் கூலியாக 2024இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது 1350 ரூபா. அந்த ஒரு ஸ்கேனுக்கு எத்தனை பேர் போட வேண்டும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் அவிசாவளை, சீதாவக்கை ஏற்றுமதி வலயத்தில் தையல் வேலைக்குப் போகிறாள். அவளது தொழிற்சாலையின் கூட்டுக் காப்புறுதி பெற்றோருக்கும் பொருந்தும் என்பதால் பில்லைக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. பில்லில் இருந்தது இவ்வளவுதான்: "ஸ்கேன் - கால்". எந்தப் பரிசோதனை, என்ன காரணத்துக்காக என்ற விபரம் இல்லையென்று குறிப்பு.

"கால் என்னோடது, வலி என்னோடது, வேற என்ன காரணம் வேணும் மிஸ்?" என்று அந்தத் தாய் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் காப்புறுதிக் கந்தோரில் அமர்ந்திருப்பவர் காலைப் பார்ப்பதில்லை, கடதாசியைத்தான் பார்க்கிறார்.

அவர் கடதாசியில் எதைத் தேடுகிறார் என்பதை அறிய அமெரிக்காவில் நடைமுறையிலுள்ள குறியீட்டுப் பட்டியலை நான் படித்துப் பார்த்தேன். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் முதன்முதலாக வெளியிட்டு, இன்றுவரை புதுப்பித்துவரும் பட்டியல் அது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஐந்து இலக்க எண். இரண்டு கால் நாடிகளையும் முழுமையாக டூப்ளெக்ஸில் பார்த்தால் 93925. ஒரு கால் மட்டும் என்றாலோ, ஒரு பகுதியை மட்டும் பார்த்தாலோ 93926. கால் கை நாளங்கள் இரு பக்கமும் முழுமையாக என்றால் 93970, ஒரு பக்கம் அல்லது பகுதி என்றால் 93971. எண்ணுக்கேற்ப பணமும் மாறும். கையடக்க டொப்ளர் கருவியை வைத்துக் காதால் கேட்டுவிட்டு, அலைவரைபைப் பதியாமல் விட்டால் அதற்குத் தனியாகப் பணம் கேட்கவே முடியாது. அது வைத்தியர் கையால் தொட்டுப் பார்ப்பதைப் போன்ற சாதாரணச் சோதனையில் அடக்கம். நம்மூரிலோ அதற்கும் 'டொப்ளர் டெஸ்ட்' என்று தனியாகக் காசு வாங்கி, அறிக்கை ஒன்றும் கொடுக்காமல் அனுப்பிய இடத்தை நான் கண்டிருக்கிறேன்.

என்ன செய்தார்கள் என்பதற்கு ஓர் எண் போல, ஏன் செய்தார்கள் என்பதற்கு இன்னொன்று உண்டு. இது உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்படுத்தல் பட்டியல். எமது அரச வைத்தியசாலைகளிலும் வாட்டிலிருந்து வீடு திரும்புவோரின் நோய்களைத் தொகுக்க இதன் பத்தாம் பதிப்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பத்தாம் பதிப்பில், இரத்த ஓட்டச் சிக்கலோடு கூடிய இரண்டாம் வகை நீரிழிவு 'ஈ 11.5'. கால் நாளம் சுருண்டு புடைத்தல் 'ஐ 83'. இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். நாளம் புடைத்தவருக்கு நாடி ஸ்கேன் என்று பில் வந்தால் கேள்வி எழும். நோய்க்குறி எதுவுமில்லாமல் சும்மா பார்த்துக்கொள்ள எடுத்த ஸ்கேனாக இருந்தால், முதியோருக்கான அமெரிக்க அரச காப்புறுதியும் பொதுவாகப் பணம் தருவதில்லை.

அந்தப் பட்டியலின் பின்பகுதியில் ஓர் எண்ணைக் கண்டபோது நான் சற்று நேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். 'வை 89.1': யுத்த நடவடிக்கைகளின் பின்விளைவுகள். காயம் பட்ட அன்று 'வை 36', பல வருடங்கள் கழிந்து அந்தக் காயத்தால் வரும் துன்பத்துக்கு 'வை 89.1'. எமது பெண்கள் "அது அந்தக் காலத்துல பட்டது" என்று சொல்லிவிட்டு மறைக்கும் தழும்புக்கு உலகப் பட்டியலில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதனால் உடனே பணம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வைத்தியர் கேட்கும்போது தொடையில் ஷெல் துண்டு இருக்கிறது, இன்ன வருடம் பட்டது என்று சொன்னால்தான் அது கொப்பியில் ஏறும். (எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினால் கட்டாயம் சொல்ல வேண்டும். உள்ளே உலோகத் துண்டு இருப்பது அந்த இயந்திரத்தில் ஆபத்தாகலாம். டொப்ளரில் அந்தப் பயம் இல்லை.) காயத்துக்கான இழப்பீட்டை 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான புனர்வாழ்வு அதிகாரசபை கவனித்துவந்தது. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தோடு அந்தப் பொறுப்பு இழப்பீட்டுக்கான அலுவலகத்துக்குப் போனது. ஸ்கேன் பில்லைக் கொடுத்துக் காசு வாங்கும் இடமன்று அது. ஆனாலும் காயத்துக்கும் இன்றைய நோய்க்கும் தொடர்பு காட்டும் மருத்துவக் கடதாசி எங்கே போனாலும் உதவும்.

தமிழ்நாட்டில் வேறு விதம். அங்கே 2009இல் அரசு காப்புறுதித் திட்டமொன்று தொடங்கியது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மறு உருவம் பெற்றபோது 1016 சிகிச்சைகளும் 113 தொடர் சிகிச்சைகளும் 23 பரிசோதனைகளும் பட்டியலில் இருந்தன. முகாம்களில் வாழும் எமது அகதிக் குடும்பங்களுக்கும் வருமான எல்லை பாராமல் இடமளித்தார்கள். நோயாளி கையால் பணம் கட்டத் தேவையில்லை, வைத்தியசாலைக்கே போய்ச் சேரும். ஆயிரத்துக்கு மேல் சிகிச்சைகள் இருந்தும் பரிசோதனைகள் 23தான் என்பதைக் கவனியுங்கள். பிற்பாடு எண்ணிக்கை கூடியது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் பணம் என்பது மட்டும் மாறவில்லை. மண்டபத்திலிருந்தோ வேறு முகாமிலிருந்தோ திரும்பி வந்த சகோதரிகள் அங்கே பெற்ற மருத்துவச் சுருக்க அறிக்கைகளை வீசிவிட வேண்டாம்.

நாம் இங்கே கேட்க வேண்டியது என்ன? எங்கள் பில்களில் ஐந்து இலக்க எண்ணை நான் கண்டதில்லை, ஒவ்வோர் இடமும் தன் வசதிக்கேற்ற பெயரைப் போடுகிறது. ஆகவே எண்ணுக்குப் பதில் வார்த்தை வேண்டும். நாடியா நாளமா, வலமா இடமா இரண்டுமா, முழுக் காலா ஒரு பகுதியா என்பது பில்லில் இருக்க வேண்டும். வைத்தியரின் கோரிக்கைத் துண்டில் நோயும் நோய்க்குறியும் இருக்க வேண்டும். அறிக்கையும் பில்லும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். பில்லில் இரண்டு கால் என்றும் அறிக்கையில் வலக்கால் மட்டும் என்றும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே சந்தேகத்துக்குள்ளாகும். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கட்டும். தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறுவதால் எமது தோட்டப் பெண்கள் படும் பாடு தனிக் கட்டுரைக்குரியது. துண்டு ஆங்கிலத்திலும் கவுண்டர் பேச்சு சிங்களத்திலும் இருப்பதால் பலர் கேட்கக் கூசுகிறார்கள். பணம் கட்டுமுன் கேட்பது இலகு. கட்டிய பின் திருத்துவது கஷ்டம்.

"காரணத்தைக் கொஞ்சம் மாத்தி எழுதச் சொன்னா என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்க, இல்லாத நோய் கொப்பியில் ஏறினால் அடுத்த வைத்தியர் அதை நம்பி மருந்து எழுதுவார்.

வீட்டில் அரச உத்தியோகத்தர் யாராவது இருந்தால் அக்ரஹார காப்புறுதியை விசாரியுங்கள். ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் மருத்துவ உதவி இதய சத்திரசிகிச்சை, கண் வில்லை, சிறுநீரக மாற்று போன்ற பெரிய சிகிச்சைகளுக்கானது. ஸ்கேனுக்குப் பின் பெரிய சத்திரசிகிச்சை தேவையென்று வந்தால் ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. முன்பு அதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். பால் வெட்டப் போன இடத்தில் விழுந்து கால் காயப்பட்டதென்றால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அப்போது 'வேலை நேரத்தில்' என்ற இரண்டு சொற்கள் முதல் நாளே தோட்ட டிஸ்பென்சரிப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

யட்டியாந்தோட்டைத் தாயோடு நான் அந்த இடத்துக்குத் திரும்பப் போனேன். இரு கால் நாடி டூப்ளெக்ஸ் என்று பில்லைத் திருத்திக் கொடுத்தார்கள். கிளினிக் வைத்தியர் நீரிழிவையும் ஆறாத புண்ணையும் பழைய ஷெல் காயத்தையும் மூன்று வரியில் எழுதினார். முழுத் தொகை கிடைக்கவில்லை, வெளிநோயாளருக்கான எல்லை அவ்வளவுதான். வந்த காசில் தோடு மீண்டது. ஸ்கேனில் தெரிந்த ஒடுக்கத்துக்காகக் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். விரல் போனது, கால் இருக்கிறது.

கடதாசிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது வரும் பில்களில் பல, சூட்டில் அச்சாகும் வழுவழுப்பான தாளில் இருக்கின்றன. லயத்துக் கூரையின் கீழ் சில மாதத்திலேயே எழுத்து மங்கிவிடும். அன்றே போட்டோகொப்பி எடுத்து, மூலத்தைத் தனியாக வையுங்கள். டயக்னோசிஸ் கார்ட் தொலைந்திருந்தால், வாட்டில் கொடுத்த பி.எச்.டி. இலக்கத்தையும் திகதியையும் சொல்லி வைத்தியசாலையின் பதிவேட்டு அறையில் பிரதி கேட்கலாம். 2009இல் வவுனியாவிலோ திருகோணமலையிலோ வாட்டில் இருந்தவர்களிடம் பெரும்பாலும் இலக்கம் இல்லை. பெயர், வயது, ஏறத்தாழ எந்த மாதம் என்பதை எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். வாய்ப்பேச்சில் இல்லையென்று அனுப்பினால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள தகவல் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.